பண்ணைக்கு ஒரு ஜோடி இழுவைக் குதிரை: பெர்ஷரோனா, பெல்ஜியனா, கிளைட்ஸ்டேலா?

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் முப்பது ஏக்கர் நிலம். பத்து ஏக்கர் காடு, மூன்று ஏக்கர் காய்கறி, மீதி புல்வெளி. இதை வாங்கியிருக்கும் நண்பரும் அவர் மனைவியும் டிராக்டரைக் குறைத்துக்கொண்டு ஒரு ஜோடி இழுவைக் குதிரைகளை வைத்து வேலை செய்வது என்று தீர்மானித்துவிட்டார்கள், எந்த இனம் வாங்குவது என்பதில்தான் குழப்பம். அவர்கள் மனதில் இருப்பது கிளைட்ஸ்டேல். நாலு காலும் வெள்ளை, குளம்பை மூடித் தொங்கும் நீண்ட முடி, முழங்காலை உயரத் தூக்கிப் போடும் நடை, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நான் சொன்ன பதில் வேறு. பண்ணை வேலைக்கென்று வளர்த்த, ரொம்ப உயரம் இல்லாத பெர்ஷரோன் ஜோடி. அது கிடைக்காவிட்டால் அதே வாகில் பெல்ஜியன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இனங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, ஒரு குறிப்பிட்ட மண்ணில் உருவானவை. அந்த வேலை எப்போதோ போய்விட்டது, உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அது யாருக்காக, எதை இழுக்க வளர்க்கப்பட்டது என்று தெரிந்துகொள்வது வெறும் சரித்திர ஆர்வம் அல்ல, வாங்குகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம்.

கவசம் போட்ட வீரனைச் சுமந்த போர்க்குதிரையின் நேரடி வாரிசுகள் இவை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தில் அகழாய்வில் கிடைத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்து பார்த்ததில் பெரும்பாலானவை இன்றைய போனி அளவுதான் இருந்தன, பதினைந்து கை உயரத்தைத் தொட்டவையே அபூர்வம். (குதிரையின் உயரத்தைத் தோள்மேட்டில், கைக் கணக்கில் அளப்பார்கள். ஒரு கை நாலு அங்குலம், சுமார் 10 செ.மீ.) அந்தக் காலத்தில் நிஜமாகவே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது குதிரையின் உயரம் இல்லை, கழுத்தில் மாட்டிய காலர். 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவில் பரவிய, உள்ளே திணித்துத் தைத்த அந்தக் காலர் பாரத்தைத் தோளெலும்பின் மேல் ஏற்றியது, குதிரை தன் முழு உடம்பையும் முன்னால் சாய்த்து இழுக்க முடிந்தது. அதற்கப்புறம்தான் கலப்பையில் மாட்டின் இடத்துக்குக் குதிரை மெல்ல மெல்ல வந்தது.

நாம் இன்று காணும் ராட்சத உருவம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் வேலை. ரயில் வந்தால் குதிரைக்கு வேலை போய்விடும் என்று தோன்றும், நடந்தது நேர்மாறு. ரயில் கொண்டுவந்து குவித்த சரக்கை நிலையத்திலிருந்து கடைக்கும் ஆலைக்கும் கொண்டுபோக யார் இருந்தார்கள்? குதிரைதான். வயலிலும் அறுவடை இயந்திரம், புல் அறுக்கும் இயந்திரம் என்று கனமான கருவிகள் வந்து சேர்ந்தன, அவற்றை இழுக்க இன்னும் பெரிய குதிரை வேண்டியிருந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் சங்கமும் பதிவேடும் தொடங்கிய வருடங்களைப் பாருங்கள்: சஃபோக் குதிரைச் சங்கம் 1877, கிளைட்ஸ்டேல் சங்கம் அதே 1877, பின்னால் ஷயர் என்று பெயர் மாறிய ஆங்கிலேய வண்டிக்குதிரைச் சங்கம் 1878, பிரான்சில் பெர்ஷரோன் வம்சாவளிப் பதிவேடு 1883, அமெரிக்காவில் பெல்ஜியன் சங்கம் 1887. எல்லாம் பத்துப் பதினோரு வருடத்துக்குள். சந்தை அவ்வளவு சூடாக இருந்த காலம் அது.

அந்த நாளில் ஒரு நகரம் குதிரையை எவ்வளவு நம்பியிருந்தது என்பதற்கு ஒன்டாரியோவிலேயே ஆரம்பித்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1872 இலையுதிர் காலத்தில் டொராண்டோ பக்கம் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் சில மாதங்களில் கண்டம் முழுக்கப் பரவியது. குதிரைகள் இருமிக்கொண்டு படுத்துவிட, ட்ராம் நின்றது, நிலக்கரி வரவில்லை, துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. நவம்பர் மாதம் பாஸ்டன் நகர மையம் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1910களின் கடைசியில் குதிரையும் கோவேறு கழுதையுமாக இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன, 1960 வாக்கில் அது முப்பது லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே தலைமுறையில் இவ்வளவும் போனது என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

சரி, இனங்களுக்கு வருவோம். ஆசைப்பட்டதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கிளைட்ஸ்டேல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில், கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருவானது. 18-ஆம் நூற்றாண்டில் ஹாமில்டன் பிரபு கொண்டுவந்த ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பக்கத்து) ஆண்குதிரைகளை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து வந்த வம்சம். பின்னால் நிலக்கரியும் நகரச் சரக்கும் இழுக்கப் போனது. கற்கள் பாவிய சாலையில் நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பதால் ஸ்காட்லாந்துக்காரர்கள் குளம்பையும் கணுக்காலையும் நடையையும்தான் முதலில் பார்த்தார்கள், அந்தத் தரம் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. ஒன்டாரியோ ஒரு காலத்தில் கிளைட்ஸ்டேல் நாடாகவே இருந்தது என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு தளர்ந்தபோது பட்வைசர் கம்பெனி கிளைட்ஸ்டேல் பூட்டிய வண்டியை ஊர்வலம் விட்டது. அந்தக் கம்பெனி அணியில் சேர உயரம் பதினெட்டுக் கை, நாலு காலும் வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பட்டை என்று இன்றும் நிபந்தனை உண்டு. நம் கண்ணில் பதிந்திருக்கும் கிளைட்ஸ்டேல் அந்த விளம்பரக் கிளைட்ஸ்டேல்தான்.

பிரச்சினை அந்தக் கால் முடியில் இருக்கிறது. ஒன்டாரியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி உருகிப் பண்ணை முழுக்கச் சேறாகிவிடும். அந்தச் சேறு முடிக்குள் போய் ஒட்டிக்கொண்டு காயாமல் நிற்கும், கணுக்காலின் பின்புறத் தோல் வெடித்துப் புண்ணாகும், முடிக்குள் சிற்றுண்ணிகள் குடியேறி குதிரை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். தினம் கழுவிக் காயவைத்தால் சமாளிக்கலாம், ஆனால் காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பிக்கிற பண்ணையில் எட்டுக் காலையும் தினமும் யார் கழுவிக் காயவைப்பது? இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. முடி அடர்ந்த கனரக இனங்களில் கால் நிணநீர் தேங்கி, வருடா வருடம் வீங்கிக்கொண்டே போய், தோல் மடிப்பு மடிப்பாகவும் முடிச்சு முடிச்சாகவும் தடித்துவிடும் ஒரு நோய். கிளைட்ஸ்டேல், ஷயர், ஐரோப்பிய பெல்ஜியன் மூன்றிலும் உண்டு. குணமாக்க மருந்து இல்லை, கட்டுப்படுத்த மட்டுமே முடியும். வாங்கும்போது அந்த அழகான முடியை விலக்கி, விரலால் தோலைத் தடவிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

ஷயருக்கும் இதே கதைதான், கொஞ்சம் கூடுதலாக. இங்கிலாந்தின் மத்தியப் பகுதிகளில், லெஸ்டர்ஷயர் பக்கம், 18-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் போன்றவர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த கறுப்பு வண்டிக்குதிரையின் வழி. பலம் என்றால் அசாத்திய பலம்: 1924-ல் வெம்ப்ளி கண்காட்சியில் ஒரு ஷயர் ஜோடி இழுத்த இழுப்பில் அளக்கும் கருவியே அதன் எல்லையைத் தாண்டிவிட்டது, 50 டன்னுக்கு இணை என்று மதிப்பிட்டார்கள். பதிவான குதிரைகளிலேயே மிக உயரமான சாம்சன் 1846-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் பிறந்தது, இருபத்தொரு கைக்கு மேல், எடை 1,500 கிலோ. மதுபான ஆலைகளின் வண்டிகளை இழுத்துக்கொண்டு லண்டன் தெருக்களில் 21-ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஷயர்கள் நடந்தன. தட்டையான தெருவில் கனமான வண்டியை நகர்த்திவிடத் தேவைப்பட்ட அந்த உயரமும் எடையும் காய்கறி வரிசைக்கு நடுவே வேண்டாத சுமை. கனடாவில் நல்ல ஜோடி கிடைப்பதும் கஷ்டம், இதை இத்தோடு விடலாம்.

உயரம் எதற்குக் கெடுதல் என்று கேட்பார்கள். கலப்பையும் மரத்துண்டும் தரையில் இருக்கின்றன. குதிரை உயர உயர, காலரிலிருந்து தரைக்கு இறங்கும் இழுவைச் சங்கிலி அதிகம் சாயும், இழுப்பில் ஒரு பங்கு முன்னால் போகாமல் மேலே தூக்குவதில் செலவாகும். அதைச் சரிக்கட்டச் சங்கிலியை நீளமாக விட வேண்டும், நீளம் விட்டால் சிறு நிலத்தின் வரப்போரத்தில் திரும்புவது சிரமம். அது போக, முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் சேணத்தைத் தினமும் தோளுக்கு மேல் தூக்கி எறிந்து மாட்டப்போவது நீங்கள்தான். நண்பரின் மனைவி ஐந்தடி இரண்டு அங்குலம். பதினாறு கை குதிரைக்கும் பதினெட்டு கை குதிரைக்கும் உள்ள எட்டு அங்குல வித்தியாசம் அவர் தினமும் தனியாக வண்டி பூட்ட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும்.

இனி பெர்ஷரோன். நார்மண்டியை ஒட்டிய பெர்ஷ் என்ற மேட்டுநிலப் பகுதி இதன் ஊர். 1823-ல் பிறந்த ஜான் லெ பிளான் என்ற ஆண்குதிரைக்கு இன்றைய பெர்ஷரோன் ஒவ்வொன்றின் வம்சமும் போய்ச் சேரும். தபால் வண்டியும், பாரிஸ் தெருக்களில் ஆட்களை ஏற்றிப்போன ஆம்னிபஸ் என்ற குதிரை வண்டியும் இழுத்த குதிரை இது. அதாவது பாரத்தோடு ஓட்டமும் வேண்டியிருந்த வேலை, அதனால்தான் மற்ற கனரக இனங்களைவிட இதற்கு நடையில் துடிப்பு அதிகம், இன்றும் வண்டிக்கும் சவாரிக்கும் பயன்படுகிறது. 1839-ல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த எட்வர்ட் ஹாரிஸ் முதல் முதலாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார், 1870களுக்கு அப்புறம் ஆயிரக்கணக்கில் வந்தன. 1930-ல் அமெரிக்காவில் இருந்த பதிவுபெற்ற இழுவைக் குதிரைகளில் பத்துக்கு ஏழு பெர்ஷரோன். விவசாயி சும்மா அத்தனை பேர் ஒரே குதிரையின் பின்னால் போகமாட்டார். கால் சுத்தம், முடி மிகக் குறைவு. முதல் உலகப் போரில் ஃப்ளாண்டர்ஸ் சேற்றில் இந்தக் குதிரைகள் தாக்குப்பிடித்ததைக் கண்ட பிரிட்டிஷ்காரர்கள், தங்கள் நாட்டிலேயே ஷயர் இருந்தும், 1918-ல் பெர்ஷரோனுக்கு ஒரு சங்கம் வைத்தார்கள்.

நிறம் கறுப்பு அல்லது சாம்பல். சாம்பல் குட்டி கறுப்பாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கும். பார்க்க அழகுதான், ஆனால் வெளுக்கும் குதிரைகளுக்கு, எந்த இனமானாலும், வயதானபின் வால் அடியிலும் மற்ற இடங்களிலும் மெலனோமா என்ற தோல் கட்டிகள் வருவது சகஜம். ஒரே தரத்தில் இரண்டு ஜோடி கிடைத்தால் கறுப்பு ஜோடியை எடுக்கச் சொல்வேன்.

பெல்ஜியனில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரண்டு பெல்ஜியன் இருக்கிறது என்பதுதான். பெல்ஜியத்தின் பிரபாண்ட் வட்டாரத்துக் குதிரை குட்டை, அகலம், கனத்த கால், கால் முடியும் உண்டு. டிராக்டர் வந்தபின் ஐரோப்பாவில் கனரகக் குதிரைகளை இறைச்சிக்கும் வளர்த்தார்கள், அதில் இன்னும் பருத்தது. அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்த பெல்ஜியன் வேறு: உயரம், வெளிர் செம்பழுப்பு உடம்பு, கிட்டத்தட்ட வெள்ளையான பிடரியும் வாலும், சுத்தமான கால். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குப் பிறகு இதற்குக் கிராக்கி ஏறியது, 1917-ல் ஃபார்சர் என்ற ஆண்குதிரையை அயோவாவில் 47,500 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். அந்தக் காலத்து 47,500 டாலர்! இன்று வட அமெரிக்காவில் அதிகம் இருக்கும் இழுவைக் குதிரை இதுதான். நவீன இயந்திரங்களைத் தவிர்த்து வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் வயல்களில் நான்கு, ஆறு என்று வரிசையாகப் பூட்டி ஓட்டுவதைப் பார்க்கலாம். குணம் நிதானம், அவசரப்படாது, பயந்து மிரள்வது குறைவு. குதிரையோடு முன் அனுபவமே இல்லாத வீடு என்றால் பெர்ஷரோனைவிட பெல்ஜியனையே முதலில் சொல்லியிருப்பேன். நண்பரின் மனைவி சின்ன வயதிலிருந்து குதிரையோடு பழகியவர், அதனால் துடிப்பான குதிரையை அவர் கையாளுவார்.

நான் சிபாரிசு செய்யும் இந்த இரண்டு இனத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதில் ஷயரும் கிளைட்ஸ்டேலும் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. தசையில் சர்க்கரை தாறுமாறாகச் சேரும் ஒரு பரம்பரைக் கோளாறு. பெர்ஷரோனிலும் பெல்ஜியனிலும் இதன் மரபணு மிகவும் பரவலாக இருக்கிறது. ஓட்ஸ், சோளம் என்று தானியத்தை அள்ளிப்போட்டு வேலை இல்லாமல் நிறுத்திவைத்தால், மறுபடி பூட்டும் நாளில் தொடை விறைத்து, வியர்த்து, நகர முடியாமல் நின்றுவிடும். ஞாயிறு ஓய்வு, திங்கள் வேலை என்றிருந்த பழைய நாளில் திங்கட்கிழமை நோய் என்றே இதற்குப் பெயர். பிடரி மயிரை வேரோடு நாலைந்து பிடுங்கி அனுப்பினால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். பெல்ஜியனில் குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால், பிறந்த குட்டியின் தோல் உரிந்துபோகும் இன்னொரு பரம்பரை நோய்க்கும் சேர்த்துச் சோதியுங்கள். மரபணு இருந்தாலே குதிரை வேண்டாம் என்று அர்த்தமில்லை. தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லையும் கொஞ்சம் எண்ணெயையும் கொடுத்து, தினமும் நடமாட விட்டால் பெரும்பாலானவை சுகமாக வேலை செய்யும். கால் வீக்கத்துக்கு வழி இல்லை, இதற்கு வழி இருக்கிறது. என் கணக்கு அங்கேதான் முடிந்தது.

சஃபோக் பஞ்ச் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த இனங்களிலேயே விவசாயத்துக்காக மட்டும் வளர்ந்தது இது ஒன்றுதான். கிழக்கு இங்கிலாந்தின் களிமண்ணில் கால் முடி இல்லாமல், குட்டையான கால், பீப்பாய் போன்ற வயிறு, நிறம் எப்போதும் செம்பழுப்பு. இந்த இனத்தின் எல்லாக் குதிரையும் 1768-ல் பிறந்த, உஃபோர்ட் ஊர் கிரிஸ்ப் என்பவரின் ஆண்குதிரையின் வழி. உடம்பமைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் நண்பரின் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் சொந்த ஊர் விவசாயியைத் தவிர வேறு சந்தை இல்லாததால் டிராக்டர் வந்ததும் இதுதான் முதலில் விழுந்தது, 1966-ல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. இன்றும் ஆபத்தான எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பழகிய ஜோடி விலைக்கு வருவது அபூர்வம், வந்தால் அந்தப் பெட்டைகள் கலப்பையைவிடக் குட்டி போடுவதற்குத் தேவை. இனத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்கிறவர்கள் வாங்கட்டும், அவர்களுக்கு என் மனமார்ந்த ஆதரவு.

சின்னக் குதிரை போதாதா என்றும் யோசிக்க வேண்டும். பதினான்காம் லூயி 1665-ல் தொடங்கி அனுப்பிவைத்த குதிரைகளின் வழியில் வந்த கனேடியக் குதிரை இருக்கிறது, 2002-ல் நாட்டின் தேசியக் குதிரையாகவே சட்டம் அறிவித்தது. 500, 600 கிலோ, குறைந்த தீனி, குளிர் தாங்கும். ஆஸ்திரியா, இத்தாலி எல்லை மலைகளின் ஹாஃப்லிங்கரும் இதே ரகம். ஒரு குதிரை நாள் முழுக்கச் சீராக இழுப்பது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 800 கிலோ பெர்ஷரோன் ஜோடி 160 கிலோ இழுப்பைத் தாங்கும், 500 கிலோ ஜோடி 100 கிலோ. மூன்று ஏக்கர் காய்கறிக்கு 100 போதும். பத்து ஏக்கர் காட்டிலிருந்து குளிர்காலம் முழுக்க மேப்பிள் மரத்துண்டுகளை இழுத்துவர அது போதாது. காடு இல்லாமல் இருந்திருந்தால் கனேடியக் குதிரைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

தீனிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 850 கிலோ குதிரைக்குத் தினம் 17 கிலோ காய்ந்த புல், ஜோடிக்கு வருடம் 12 டன்னுக்கு மேல். கோடையில் மேய்ச்சல் பாதியைக் குறைக்கும் என்றாலும் ஐந்தாறு ஏக்கர் புல்வெளி இந்த இரண்டுக்கே போய்விடும். உழவைப் பொறுத்தவரை, பத்து அங்குலச் சாலில் ஒரு ஏக்கர் உழ 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும், குதிரையும் பின்னால் நீங்களும், அதுவே ஜோடிக்கு ஒரு நாள் வேலை.

வாங்கப் போகும்போது கண்காட்சி வண்டிக்கு வளர்த்த ரகத்தை விட்டுவிடுங்கள். பெர்ஷரோனிலும் பெல்ஜியனிலும் அந்த உயரமான, காலைத் தூக்கி நடக்கும் ரகம் இப்போது நிறைய. பண்ணை ரகம், பதினாறு கையை ஒட்டி, எட்டிலிருந்து பதினான்கு வயது, ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்த ஜோடி என்று கேளுங்கள். இளங்குதிரை விலை குறைவு என்று போனால் நீங்களும் கற்றுக்குட்டி, அதுவும் கற்றுக்குட்டி, ஒரு டன் எடையில் ஆபத்து. மாட்டுச் சந்தையில் செய்வது போலப் பல்லைப் பிடித்து வயதைச் சரிபாருங்கள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், பின்னோக்கி நடத்திப் பாருங்கள். பின்னங்காலை மடக்கித் தூக்கி நடுங்க வைத்துக்கொண்டு நின்றால் அது நரம்புக் கோளாறு, மேலே பேச வேண்டாம். விற்பவர் பூட்டக் கூடாது, நீங்கள் பூட்ட வேண்டும். கனமான மரத்துண்டை இழுக்கச் சொல்லி, நடுவில் நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் சும்மா நிற்கிறதா என்று பாருங்கள். இழுப்பதை எல்லாக் குதிரையும் செய்யும், அசையாமல் நிற்பதைக் கற்ற குதிரை காட்டுக்குள் உங்கள் காலைக் காப்பாற்றும்.

கால்நடை மருத்துவரையும் லாடம் அடிப்பவரையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய குளம்புக்கு லாடம் அடிக்க எல்லோரும் வரமாட்டார்கள். மயக்க மருந்தும் இவற்றுக்கு எடைக் கணக்கைவிடக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும், அதை அறிந்த மருத்துவராக இருக்கட்டும். அப்புறம் காலர். ஒரே ஜோடியில்கூட ஒரு குதிரையின் காலர் இன்னொன்றுக்குச் சேராது, கீழே தொண்டைக்கும் காலருக்கும் நடுவில் உள்ளங்கை தட்டையாக நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், இறுகினால் மூச்சு முட்டும், தொளதொளத்தால் தோள் புண்ணாகி வாரக்கணக்கில் வேலை நிற்கும். குதிரைக்கு விலை பேசும்போதே அவை போட்டுப் பழகிய காலரையும் சேர்த்துப் பேசி, குதிரைகளோடு ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.